இடப்பக்கக் குச்சிகள்

வலித்திருந்தால் போயிருப்பேன்.
கடைவாய்ப் பல் குத்தியபோது
அன்றைக்கே போனேன், கயானி நகரம்வரை,
எதிரே வருகிறவர் தெரியாத பனிப்புயலில்.
கண் வலிக்கவில்லை.

விழித்திரையைப் படமெடுக்க வரச்சொல்லி
மூன்று கடிதங்கள் வந்தன.
மூன்று முறையும் பனி பெய்தது.
பனி பெய்தால் என் வண்டி வெளியே போக வேண்டும்.
பள்ளிப் பேருந்து ஏழு மணிக்கு,
அதற்குமுன் ஹுரின்சால்மிச் சாலை
கறுப்பாகத் தெரிய வேண்டும்.
கடிதங்களை இழுப்பறையில் வைத்தேன்,
இன்சுலின் ஊசிப் பெட்டிக்கு அடியில்.

ஒன்பது வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை.
எங்கள் பின்னிஷ் மொழியில்
சர்க்கரை என்றால் சொக்கெரி,
குருடு என்றால் சொக்கெயா.
வகுப்பில் ஒரு பையன் இதைக் கண்டுபிடித்து
ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தான்.
நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிப்ரவரி, விடிகாலை நான்கு.
வெள்ளைச் சாலை நடுவே ஓர் அண்டங்காக்கை.
பிரேக்கை மிதித்தேன். அது பறக்கவில்லை.
இடதுபுறம் பார்த்தேன், இடதுபுறம் போனது.
மேலே பார்த்தேன்,
கொஞ்சம் தாமதித்து மேலே வந்தது,
எண்ணெயில் விழுந்த நூல்போல வாலை இழுத்துக்கொண்டு.
கண்ணாடியைத் துடைத்தேன்.
இறங்கிப் போய் விளக்குகளைத் துடைத்தேன்.
மைனஸ் இருபத்தாறில் கையுறையைக் கழற்றி
கடைசியாகக்
கண்ணைத் துடைத்தேன்.

அதோடு இரண்டு வாரம் ஓட்டினேன்.
இதைச் சொல்லிவிடுகிறேன்,
சொல்லாமல் விட்டது ஏற்கெனவே அதிகம்.

பனிக்கடியில் சாலை எங்கே முடிகிறதென்று காட்ட
ஓரங்களில் ஒளிப்பட்டை சுற்றிய குச்சிகள் நட்டிருப்போம்.
மேற்பார்வையாளர் ரௌனோ
ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே வந்து
முறிந்த குச்சிகளைக் காபி மேசையில் போட்டார்.
பதினொன்று.
"எல்லாம் இடப்பக்கம், ஓதி" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
என் கோப்பையில் காபி ஊற்றினார்.
சாவியை அதன் பக்கத்தில் வைத்தேன்.

ஊலு மருத்துவமனையில்
என் மகள் வயதிருக்கும் மருத்துவர்
படத்தைத் திரையில் காட்டினார்.
பழைய குழாய்கள் அடைத்துக்கொண்டதும்
கண் தானே புதுக் குழாய் போட்டதாம்,
அவசரத்தில், உரிமமில்லாத ஆள் செய்த வேலை மாதிரி.
கசிந்துவிட்டது.
"எத்தனை வருடமாக?" என்று கேட்டேன்.
அவர் என் தேதிகளைப் பார்த்தார்,
வராமல்போன மூன்று தேதிகளை,
பிறகு மெதுவாக என்னை.

லேசர் பச்சை.
முகவாயைத் தாங்கியில் பதித்து
நானூறுவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.
"ஓரங்களைச் சுடுகிறோம்,
நடுவைக் காப்பாற்ற" என்றார்.
சிரிப்பு வந்துவிட்டது, தலையை ஆட்டாதீர்கள் என்று அதட்டினார்.
என்ன செய்வது?
இருபத்தேழு வருடம் நான் செய்ததும் அதுதான்.
எல்லாவற்றையும் ஓரத்தில் தள்ளி
நடுவே ஒரு வழியைத் திறந்து வைத்தேன்.
தள்ளிய பனி வேலிக்கப்பால் எதை மூடியது என்று
திரும்பிப் பார்த்ததில்லை.

மாதம் ஒருமுறை இடக்கண்ணில் ஊசி.
மருந்து உள்ளே இறங்கும்போது
தண்ணீரில் புகை அவிழ்வதைப் பார்க்கலாம்.
அதைப் பார்க்கவாவது அந்தக் கண் இருக்கிறது.
வலக்கண்ணால் செய்தித்தாள் படிக்கிறேன்,
தலைப்பும், மரண அறிவிப்புகளும்.
இருட்டியபின் வீட்டு வாசல்
எனக்கு மூடிய சாலை.
இங்கே டிசம்பரில்
மதியம் இரண்டரைக்கு இருட்டும்.

உரிமம் போனது. ரௌனோ
அக்டோபருக்கு ஒரு வேலை கொடுத்தார்.
நிலம் உறையுமுன் குச்சி நடுவது, பகலில், நடந்து,
அடியெண்ணி.
வண்டியில் என் பின்னால் ஊர்ந்து வருகிறான்
என் இடத்துக்கு வந்த மிஸ்கா,
காது மடலில் வளையம், கண்ணில் ஒரு குறையுமில்லை.
கடப்பாரையால் குத்தி, குச்சியை இறக்கி,
காலால் மண்ணை மிதிக்கிறேன்.
ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்பது விதி.

இடப்பக்கம் மட்டும்
கொஞ்சம் நெருக்கி நட்டேன்.
யாரும் அளந்து பார்க்கவில்லை.